பெட்ஃபோர்ட் சதுக்கத்து நடுத்தூண்: பிழையா, இல்லையா?

செங்கல்சித்தன்: லண்டன் பெட்ஃபோர்ட் சதுக்கத்து வரிசை வீடுகளில் "குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். எரிச்சல்தான் வந்தது. வடக்கு வரிசையின் நடுவைப் பாருங்கள். சுதை பூசிய இரண்டு வீடுகள், மேலே ஒரே முக்கோண முகப்பு, கீழே சுவரோடு ஒட்டிய ஐந்து அரைத்தூண்கள். ஐந்து! முகப்பின் உச்சிக்கு நேர் கீழே தூண் நிற்கிறது. கிரேக்கக் கோயிலில் அந்த இடம் திறந்திருக்கும். இது அரிச்சுவடி.

ராஜி: அந்த "ஒருவர்" நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 1775இல் தொடங்கி 1783க்குள் நாலு பக்கமும் எழும்பிவிட்டது. உள்ளே தனித்தனி வீடு, வெளியே பார்த்தால் பக்கத்துக்கு ஒரு அரண்மனை. உங்கள் கண்ணுக்கு ஒரு தூண்தான் தெரிகிறது.

செங்கல்சித்தன்: ஒன்றா? தெற்கிலும் அதே ஐந்து.

கொத்தனார்மகன்: நடுவில் இரண்டு வீடு வந்தால் பொதுச்சுவர் மையத்தில்தான் வரும். அங்கே ஜன்னலா வைப்பீர்கள்? தூண் வைத்ததுதான் சரி.

செங்கல்சித்தன்: அப்படியானால் கிழக்கிலும் மேற்கிலும் நடுவில் ஒற்றை வீடு வைத்துத் தப்பித்தது எப்படி? தெரிந்தவர்கள்தானே, வடக்கிலும் தெற்கிலும் மட்டும் என்ன கேடு? ஐந்து தூண், ஐயா.

பயணி77: தூணை விடுங்கள். வாசல் வளைவில் அந்தத் தாடிக்கார முகங்கள்! சிமென்ட்டில் இவ்வளவு நுட்பமா?

கொத்தனார்மகன்: சிமென்ட் இல்லை சார். எலினார் கோட் என்பவரின் லண்டன் லாம்பெத் பட்டறையில் அச்சில் அழுத்திச் சூளையில் சுட்ட களிமண், கோட் கல் என்பார்கள்.

பயணி77: செயற்கைக் கல் என்றுதானே சொல்வார்கள்?

கொத்தனார்மகன்: சொன்னால் சிமென்ட் ஆகிவிடுமா? லண்டனில் அடைத்த ஜன்னல் எல்லாம் ஜன்னலை எண்ணிப் போட்ட ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது என்று போன மாதம் சாதித்தவர்தானே நீங்கள்? சமச்சீருக்காகக் கட்டும்போதே திறப்பில்லாத குருட்டு ஜன்னல் வைப்பார்கள் என்று எத்தனை தடவை சொன்னேன்!

பயணி77: அதை இன்னும் மறக்கவில்லையா? சரி, செங்கல் வரிக்காகத்தான் சுதை பூசினார்கள் என்றாவது ஒப்புக்கொள்வீர்களா?

செங்கல்சித்தன்: செங்கல் வரி வந்தது 1784இல். சதுக்கம் முடிந்தது 1783இல். கணக்கும் வராதா? தவிர, நடுவீடுகளுக்கு மட்டும்தான் சுதை. மற்றதெல்லாம் வெறும் செங்கல்.

ராஜி: அந்தச் செங்கலைப் பற்றித்தான் நான் எழுதினேன்! நடுவில் சுதை வெளுப்பு, இரு பக்கமும் கறுத்த செங்கல், வாசலைச் சுற்றி கோட் கல். வரிசை முழுதையும் தூக்கி நிறுத்துவது அந்த நிறக்கணக்குதான். அங்கே நடப்பவர் யாரும் தூணை எண்ணுவதில்லை.

செங்கல்சித்தன்: எண்ணத் தெரியாதவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். தூண் நாலா, ஐந்தா?

ராஜி: ஐந்துதான். அதனால் என்ன?

செங்கல்சித்தன்: "அதனால் என்ன" என்பதெல்லாம் பதிலா?

கொத்தனார்மகன்: பொதுச்சுவருக்கு நீங்கள் முதலில் பதில் சொல்லுங்கள். பயணி சார், உங்களுக்குச் சூளைப் படம் அனுப்பட்டுமா?

பயணி77: வேண்டாம். உங்கள் படத்தைப் போன தடவையே பார்த்தாயிற்று.