ஒரே கோடு வந்தால் கீழ் வீட்டுக்காரர்தான் டிபி பரப்பினாரா?

காசிமேட்டுக்காரன்: எங்கள் வாட்ஸப் குரூப்பில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "டிபி கிருமிக்கும் கைரேகை உண்டு. இரண்டு பேருடைய கிருமியும் ஒரே கோடு காட்டினால், ஒருவர்தான் மற்றவருக்குக் கொடுத்தார் என்று அடித்துச் சொல்லலாம். ஹவுசிங் போர்டில் யார் பரப்புகிறார்கள் என்று பார்த்துக் காலி பண்ணவைக்க வேண்டும்." படித்ததும் பத்திக்கிட்டு வந்தது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய லேப் ஆள்: அடித்துச் சொல்கிறவரை முதலில் டிஎன்ஏவை வெட்டி, ஜெல்லில் ஓட்டி, கோடு கோடாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஐஎஸ்6110 என்ற துண்டு கிருமியின் டிஎன்ஏவில் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் அந்தக் கோடு; ஒரு இடத்துக்கு ஒரு கோடு. 1993இல் உலகத்துக்கே பொதுவான முறையாக வகுத்தார்கள். பத்து, பதினைந்து கோடு விழும் ஊர்களில் நன்றாகவே உதவியது. நம்ம பக்கம் அப்படியில்லை. திருவள்ளூர் மாவட்டத்துக் கிருமிகளில் நிறைய ஒற்றைக் கோடு, சிலவற்றில் கோடே இல்லை. அந்த ஒற்றைக் கோடும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விழும்.

மின்ட் மணி: ஒரு கோடானாலும் கோடுதானே சார்? பொருந்துகிறதா, இல்லையா?

பழைய லேப் ஆள்: பொருந்தும். வியாசர்பாடிக்காரருக்கும் பொருந்தும், பொன்னேரிக்காரருக்கும் பொருந்தும். ரெண்டு பேரும் ஜென்மத்தில் முகம் பார்த்திருக்க மாட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவரெல்லாம் டாக்டரா?

மின்ட் மணி: சட்டையைப் பற்றி யார் கேட்டது? ஒரு கோடானாலும் கோடுதான்.

எம்கேபி நகர் அக்கா: மணி தம்பி, கோட்டை விடு. எங்கள் பிளாக்கில் கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகைக்குப் பயந்து ஜன்னலையே திறப்பதில்லை. ஒரே அறையில் தாத்தா முதல் பேரன் வரை படுக்கிறார்கள். இது காற்றில் பரவுகிற நோய். காலி பண்ணவைத்தால் அடுத்த தெருவில் இதே மாதிரி ஒரு அறைக்குத்தான் போவார்கள்.

மின்ட் மணி: ஆரம்பிச்சாச்சா? எதை எடுத்தாலும் குப்பைமேடு.

காசிமேட்டுக்காரன்: நீங்கள் பேசாதீர்கள். கொரோனா சமயத்தில் கோயம்பேடு மார்க்கெட்டில் பரவியபோதும் "வடசென்னை ஆட்கள்தான்" என்று எழுதியவர் நீங்கள். எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

மின்ட் மணி: நானும் வடசென்னைதான்யா. மின்ட் என்ன மயிலாப்பூரிலா இருக்கிறது?

பழைய லேப் ஆள்: ஊர்ச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாலிகோடைப்பிங் என்று இன்னொன்று உண்டு, கிருமியின் டிஎன்ஏவில் 43 குறிப்பிட்ட துண்டுகள் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பார்கள். தென்னிந்தியாவில் ஒரே வம்சத்துக் கிருமிதான் அதிகம் என்பதால் அங்கேயும் கூட்டம் கூட்டமாகப் பொருந்தும். அப்புறம் டிஎன்ஏவில் 24 இடங்களில் ஒரு துண்டு எத்தனை தடவை திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணும் முறை வந்தது. இப்போது கிருமியின் டிஎன்ஏவில் உள்ள 44 லட்சம் எழுத்தையும் படிக்கிறார்கள். சராசரியாக ரெண்டு வருஷத்துக்கு ஒரு எழுத்து மாறும் என்று கணக்கு. ரெண்டு கிருமிக்கும் 5 எழுத்துக்குள் வித்தியாசம் என்றால் சமீபத்தில் பரவியிருக்கலாம் என்று சந்தேகப்படுவார்கள், 12க்கு மேல் போனால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதிலும் யார் யாருக்குக் கொடுத்தார் என்று எழுதியிருக்காது. நடுவில் மூன்றாவது ஆள் இருக்கலாம். கிருமி நுரையீரலில் வருஷக்கணக்கில் தூங்கிவிட்டும் எழும். இதையெல்லாம் வளர்த்து, பிரித்து, படித்துப் பார்த்தவன் சொல்கிறேன். வாட்ஸப்பில் வந்ததை இல்லை.

மின்ட் மணி: பார்த்தீர்களா, 5க்குள் வந்தால் ஒப்புக்கொள்கிறார். நான் சொன்னதும் அதேதான்.

பழைய லேப் ஆள்: நீங்கள் சொன்னது கோடு. நான் சொல்வது எழுத்து.

மின்ட் மணி: பெயரை மாற்றினால் ஆச்சா? பொருத்தம் பொருத்தம்தான்.

எம்கேபி நகர் அக்கா: ரெண்டு பேரும் இப்படியே பேசுங்கள். இருமலோடு இருக்கிறவன் இதைப் படித்தால் பயந்து டெஸ்ட்டுக்கே போக மாட்டான்.

பழைய லேப் ஆள்: நான் யாரைப் பயமுறுத்தினேன்? அவரிடம் சொல்லுங்கள் அக்கா.

மின்ட் மணி: "பொருந்தும்" என்று அவரே மேலே எழுதியிருக்கிறார். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு.

பழைய லேப் ஆள்: தாராளமாக எடுங்கள். பொன்னேரிக்காரரை வெட்டிவிடாமல் முழுசாக எடுங்கள்.