டிடி-02: ஐந்து நிமிடம் பறக்கிறது, அப்புறம் படுத்துவிடுகிறது

பரண்வண்டி:
வணக்கம். ஒன்பது வருடம் கழித்து மறுபடி ஆர்சி (ரிமோட் கண்ட்ரோல்) கார் பக்கம் வந்திருக்கிறேன். பரணில் கிடந்த டாமியா டிடி-02 சேஸியை மகன் இறக்கிவிட்டான், எனக்கும் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. அன்று கிட்டோடு வந்த 540 பிரஷ் மோட்டாரும் 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரியும்தான் இருந்தன. இப்போது சென்சார் இல்லாத 3900 கேவி (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3900 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 60 ஆம்ப் இஎஸ்சி, 2எஸ் (இரண்டு செல்) லைப்போ பேட்டரி என்று எல்லாம் புதுசு. வேகம் போதாமல் மோட்டார் தண்டிலிருக்கும் சின்னப் பல்சக்கரத்தை, அதாவது 22 பல் பினியனைக் கழற்றி 25 போட்டேன்.

பார்க்கிங்கில் ஐந்து நிமிடம் பறக்கிறது. அப்புறம் திராட்டிலை எவ்வளவு இழுத்தாலும் நகராது, ஸ்டியரிங் மட்டும் திரும்பும். பத்து நிமிடம் ஆறவிட்டால் ஓடும், மூன்றே நிமிடத்தில் மறுபடி நிற்கும். இஎஸ்சி போய்விட்டதா?

மல்டிமீட்டர் மாமா:
நின்ற உடனே பேட்டரியை அளந்தீர்களா? இஎஸ்சியில் வோல்டேஜ் கட்-ஆஃப் செல்லுக்கு 3.2 என்று வைத்திருந்தால், பேட்டரி 6.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் மோட்டாரை நிறுத்திவிடும். அதிலும் ஸ்டியரிங் மட்டும் வேலை செய்யும். இன்னொன்று, பழைய நிக்கல் சார்ஜரில் லைப்போவைச் செருகவில்லையே? செருகியிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், தீப்பிடிக்கும்.

பரண்வண்டி:
இல்லை சார், லைப்போவுக்கான புது பேலன்ஸ் சார்ஜர்தான். நின்றபோது பேட்டரி 7.7 வோல்ட் காட்டியது. மோட்டாரைத் தொட்டேன், விரல் சுட்டுவிட்டது.

பினியன்22:
அப்படியென்றால் பேட்டரி மேல் குற்றமில்லை. வோல்டேஜ் கட்-ஆஃப் என்றால் ஆறவிட்டு எடுத்தாலும் சில வினாடியில் மறுபடி நிற்கும். உங்களுடையது சூடு. சென்சார் இல்லாத மோட்டார் தன் சூட்டை இஎஸ்சிக்குச் சொல்லாது. இஎஸ்சி தானே கொதித்துத்தான் நிறுத்துகிறது. அதற்குள் மோட்டார் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசியுங்கள்.

25 பல்லால் என்ன கிடைத்தது? 22 பல்லில் மொத்த கியர் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற மோட்டார் சுற்றுவது) 8.27, 25இல் 7.28. 7.4 வோல்ட்டில் மோட்டார் நிமிடத்துக்கு 28,860 சுற்று. 64 மில்லிமீட்டர் டயருக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 42 கி.மீ. என்பது 48 ஆகிறது, அதுவும் காகிதத்தில். பார்க்கிங்கில் அந்த ஆறு கி.மீ. கண்ணுக்கே தெரியாது, ஆனால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும்.

ஆனாலும் பினியன் மட்டும் இவ்வளவு படுத்தாது. தண்டுகளைத் தாங்க கிட்டோடு வந்த பிளாஸ்டிக் வளையம், அந்த புஷ்தானே இன்னும் இருக்கிறது? மோட்டாரைக் கழற்றிவிட்டு வண்டியைத் தரையில் தள்ளிப் பாருங்கள். நல்ல வண்டி கூடத்தைத் தாண்டி ஓட வேண்டும்.

பரண்வண்டி:
இரண்டு அடி போய் நின்றுவிட்டது!

பினியன்22:
அதேதான், புஷ் பிடிக்கிறது. அதற்குப் பதில் 11க்கு 5 மில்லிமீட்டர் பால் பேரிங், 1150 என்று கேளுங்கள், மொத்தம் 16 வேண்டும். புது மோட்டாருக்கு முன்னாலேயே வாங்கியிருக்க வேண்டியது இது. திரும்பி வருகிற எல்லோரும் மோட்டாரில்தான் ஆரம்பிக்கிறோம், நானும் அப்படித்தான்.

மல்டிமீட்டர் மாமா:
என் கணிப்பு தப்பு, ஒப்புக்கொள்கிறேன். அந்த லைப்போவை முழு சார்ஜில் அலமாரியில் வைக்காதீர்கள். வாரக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள்.

பரண்வண்டி:
பேரிங் நேற்று வந்தது. பின்பக்க இடது ஆக்ஸிலைப் பிரித்தால் புஷ் உருகி, பழுப்பு நிறத்தில் தண்டோடு ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி மிதியடி நூலும் தலைமுடியும் இறுகிக் கிடந்தன. தோசைக்கல்லில் அடிப்பிடித்த மாவைப் போலச் சுரண்டி எடுத்தேன். 16 பேரிங்கையும் மாட்டி, 22 பல்லையே திரும்பப் போட்டேன். இப்போது தள்ளினால் கூடத்தைக் கடந்து சமையலறை வாசல் வரை போகிறது. பார்க்கிங்கில் 14 நிமிடம் ஓடி, பேட்டரி தீர்ந்துதான் நின்றது. மோட்டாரில் தைரியமாகக் கை வைக்க முடிகிறது.

ஒரே ஒரு தொல்லை: முழு வேகத்தில் பிரேக் பிடித்தால் வலது பக்கம் இழுக்கிறது.

பினியன்22:
டயரை ரிம்மில் ஒட்டினீர்களா, அப்படியே மாட்டியிருக்கிறீர்களா?

பரண்வண்டி:
ஒட்ட வேண்டுமா?!