தும்மினால் கசியும் சிறுநீர்: பேறுகாலத்துக்குப் பின் நான் பெற்ற சிகிச்சை

என் மகள் 3.6 கிலோ எடையுடன், ஆயுதம் போட்டுத்தான் பிறந்தாள். தையல் ஆறிவிட்டதா, பால் ஊறுகிறதா என்று எல்லோரும் விசாரித்தார்கள். ஆனால், நாற்பது கழிந்து முதன்முதலாகக் கோயிலுக்குப் போன அன்று, சாம்பிராணிப் புகைக்கு ஒரு தும்மல் வந்து உள்பாவாடை நனைந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு இருமினாலும், குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்கினாலும் கசிந்தது. வெளியே கிளம்பும்போதெல்லாம் பழைய வேட்டித்துணியை நான்காக மடித்து வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன். "பிள்ளை பெத்தவளுக்கு இது இருக்கத்தான் செய்யும், தண்ணியக் கொறச்சுக் குடி" என்றார். பத்தியம் என்று ஏற்கெனவே தண்ணீரை அளந்துதான் கொடுத்தார்கள். அதையும் குறைத்ததில் மலச்சிக்கல் வந்து, முக்கி முக்கிக் கசிவு இன்னும் கூடியது. பிரசவம் பார்த்த மருத்துவமனையில் ஆறாவது வாரம் தையலையும் ரத்த அளவையும் பார்த்தார்கள்; இதைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

ஐந்தாம் மாதம் வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் அழுதுகொண்டே சொன்னேன். சிறுநீர்த் தொற்று இல்லை என்பதைப் பரிசோதித்து உறுதி செய்துகொண்டு, அவர் என்னைப் பிசியோதெரபி நிபுணர் ஒருவரிடம் அனுப்பினார். அந்தப் பெண்மணி இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவித்துக் காட்டி, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் தாங்கும் தசைகள் முன்புற இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளித்துணி போல விரிந்திருப்பதையும், பிரசவத்தில் அவை நீண்டும் சில இடங்களில் கிழிந்தும் போவதையும் பொறுமையாக விளக்கினார். அதுவரை இதை என் உடம்பின் குறை என்றே நினைத்திருந்தேன். கால் சுளுக்கினால் பயிற்சி கொடுப்பதுபோல இதற்கும் கொடுக்கலாம் என்று கேட்டதே பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் கெகல் பயிற்சியை நான் வீட்டில் காணொளி பார்த்து ஏற்கெனவே செய்துவந்தேன். அவர் என் அனுமதி பெற்று, கையுறை அணிந்து விரலால் சோதித்தபோதுதான், தசையை மேலே இழுப்பதற்குப் பதிலாக மூச்சைப் பிடித்துக் கீழே முக்கிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது தெரிந்தது. வாயுவை அடக்குவதுபோல் பின்னாலிருந்து முன்னோக்கி இழுக்க வேண்டும். தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. மூச்சு இயல்பாக ஓட வேண்டும். முதலில் மூன்று விநாடிதான் பிடிக்க முடிந்தது. அது எட்டு விநாடியாக வளர்ந்த பிறகு, வேளைக்குப் பத்து முறை வீதம் நாளைக்கு மூன்று வேளை செய்தேன். இருமல் வரப்போகிறது என்று தெரிந்தவுடன் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளும் பழக்கத்தையும் கற்றுக்கொடுத்தார். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது என்பதை இரண்டு முறை அழுத்திச் சொன்னார். மூன்றரை மாதத்தில் துணி வைப்பதை விட்டுவிட்டேன்.

*

மேலே உள்ள பதிவைப் படித்துவிட்டு எழுதும் வேறொருத்தி நான்; பாரிசில் வசிக்கும் யாழ்ப்பாணத்துப் பெண். இங்கே, பிள்ளை பிறந்து ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் நடக்கும் பரிசோதனையிலேயே இந்தத் தசைப் பயிற்சிக்கு எழுதித் தருவார்கள். பத்துத் தடவைக்கான செலவை அரசின் மருத்துவக் காப்புறுதி ஏற்பது 1985இலிருந்து வழக்கத்தில் இருக்கிறது. எனக்கு ஒரு மருத்துவிச்சி செய்தார். சிறிய கருவி ஒன்றை உள்ளே வைத்து, நான் தசையை இறுக்கும்போது திரையில் கோடு உயர்வதைக் காட்டுவார். சரியாகச் செய்கிறேனா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வயிற்றுத் தசைக்கான பயிற்சியை அதற்குப் பிறகுதான் தொடங்க விட்டார். என் இரண்டாவது பேறு சத்திரசிகிச்சை மூலம் நடந்தபோதும் இதே பயிற்சியை எழுதித் தந்தார்கள், ஏனெனில் ஒன்பது மாதச் சுமையைத் தாங்கியவையும் அதே தசைகள்தான்.

*

முதல் பதிவை எழுதியவள்தான் மீண்டும் எழுதுகிறேன். நான் தேறிய பிறகு, அம்மா ஒருநாள் இரவு, இருபத்தெட்டு வருடங்களாகத் தனக்கும் இதே தொந்தரவு இருப்பதாகச் சொன்னார். என்னைப் பார்த்த அதே மருத்துவரிடம் அழைத்துப்போனேன். கருப்பை சற்று இறங்கியிருப்பதைக் கண்டு, அதைத் தாங்கிப்பிடிக்கச் சிலிக்கோன் வளையம் ஒன்றை உள்ளே பொருத்தி, பயிற்சிக்கும் எழுதிக்கொடுத்தார். இப்போது காலையில் பால் காய்வதற்குள் அம்மாவும் நானும் சமையலறையில் நின்றபடியே பத்து முறை எண்ணி முடித்துவிடுகிறோம்.