இடுப்பு வலிக்கு ஊசிவழிச் சிகிச்சை: முதலில் உறுதி செய்ய வேண்டியது வலியின் இடம்

கோத்தகிரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

நாள்பட்ட இடுப்பு வலிக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளத் தயங்குகிறவர்கள், "கத்தி வைக்காமல் ஊசியிலேயே சரியாக்கிவிடுகிறார்களாமே" என்று கேட்பது எங்கள் பக்கத்தில் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. என் தாயாருக்கு அத்தகைய ஒரு சிகிச்சை, அதாவது வலியை எடுத்துச் செல்லும் நரம்பை ஊசி நுனியால் சூடாக்கும் சிகிச்சை, செய்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. அந்த முடிவுக்கு எப்படி வந்தோம், சிகிச்சை என்ன தந்தது, எதைத் தரவில்லை என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

அம்மா ஓய்வு பெறும்வரை தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக ஊன்றி நின்று, மழையிலும் பனியிலும் இலை பறித்து, நிறைந்த மூட்டையை எடை போடும் இடம்வரை சுமந்து வருகிற வேலை அது. இந்த மலையில் அந்த வேலை செய்த பெண்களில் இடுப்பு வலி இல்லாதவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனாலேயே அதை ஒரு நோய் என்று யாரும் நினைப்பதில்லை. தைலம், வெந்நீர் ஒத்தடம், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை என்றே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாள்பட்ட வலி என்று மருத்துவம் வகுக்கிறது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாட்டில் அதற்குத் தனிக் குறியீடே இருக்கிறது. அம்மாவுக்கு இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ஏறியிருந்ததைக் கண்டு, வலி மாத்திரைகளை இனிமேல் தொடக் கூடாது என்று எங்கள் ஊர் மருத்துவர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் நாங்கள் வேறு வழி தேடத் தொடங்கினோம்.

கையில் இருந்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில், கீழ் முதுகில் இரண்டு இடங்களில் முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கியிருப்பதாக எழுதியிருந்தது. அதைப் படித்த உறவினர்கள் எல்லோரும் அறுவை சிகிச்சைதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கோயம்புத்தூரில் நாங்கள் பார்த்த வலி சிகிச்சை மருத்துவரோ, படத்தை எடுத்துப் பார்ப்பதற்கு முன் அம்மாவை நடக்கச் சொன்னார், முன்னால் குனியச் சொன்னார், பின்னால் வளையச் சொன்னார், படுக்க வைத்துக் காலை நீட்டியபடியே தூக்கிப் பார்த்தார். குனியும்போது அவ்வளவாக இல்லாத வலி, பின்னால் சாய்ந்து திரும்பும்போது கடுமையாக வந்தது. காலைத் தூக்கியபோது வலி தொடைக்குக் கீழே இறங்கவில்லை. பிறகு படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. எந்த வலியும் இல்லாத 3,000-க்கும் மேற்பட்டவர்களின் படங்களைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், இருபது வயதினரில் 30 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் வட்டுப் பிதுக்கம் காணப்பட்டிருக்கிறது. ஆகவே படத்தில் பிதுக்கம் தெரிகிறது என்பதாலேயே வலி அதிலிருந்துதான் வருகிறது என்று கொள்ள முடியாது.

முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று பின்புறத்தில் பொருந்தும் சிறு மூட்டுகளை ஃபேசட் மூட்டுகள் என்கிறார்கள். அம்மாவின் வலி அங்கிருந்து வரலாம் என்று மருத்துவர் ஊகித்தார். கையால் செய்யும் பரிசோதனையை மட்டும் வைத்து அதை உறுதியாகச் சொல்ல இயலாது என்பதையும் அவரே சொன்னார். உறுதி செய்யும் வழி, அந்த மூட்டுகளின் உணர்ச்சியை எடுத்துச் செல்லும் மெல்லிய நரம்புக் கிளைகளைச் சில மணி நேரத்துக்கு மரத்துப்போகச் செய்து பார்ப்பது. அதைச் சிகிச்சை என்று நாங்கள் நினைத்துவிடக் கூடாது, அது ஒரு சோதனை மட்டுமே என்று அவர் அழுத்தமாக விளக்கினார். அந்த விளக்கம் கிடைக்காமல் போனவர்கள்தான் "ஊசி போட்டேன், மறுநாளே வலி வந்துவிட்டது" என்று மனம் உடைந்து பேசுகிறார்கள் என்பது என் எண்ணம்.

சோதனையின்போது அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்து, சி-ஆர்ம் என்னும் ஊடுகதிர்க் கருவியின் திரையைப் பார்த்தபடியே, ஒவ்வொரு நரம்புக் கிளைக்கும் அரை மில்லிலிட்டர் அளவே லிக்னோகெய்ன் என்னும் மரப்பு மருந்தைச் செலுத்தினார்கள். மருந்து அதிகமானால் பக்கத்துத் தசைக்கும் பரவி, எது மரத்ததால் வலி குறைந்தது என்பது தெரியாமல் போய்விடுமாம். அதன்பின் ஓய்வெடுக்க விடவில்லை. வழக்கமாக எதைச் செய்தால் வலிக்குமோ அதைச் செய்து பார்க்க வேண்டும் என்றார்கள். அம்மா மாடிப்படி ஏறி இறங்கினார். கொழுந்து எடுப்பதுபோல உடலைத் திருப்பி நின்று பார்த்தார். பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று செவிலியர் கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "முக்கால்வாசி போயிருச்சு, அடியில கொஞ்சம் இருக்கு" என்றார். செவிலியரும் அதையே எழுதிக்கொண்டார். வேறொரு நாளில், இன்னும் நீண்ட நேரம் வேலை செய்யும் பியூபிவகெய்ன் மருந்தைக் கொண்டு அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். நிவாரணமும் அதற்கேற்ப நீடித்தது.

மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, மறுபடியும் மலையேறி வருவது இடுப்பு வலிக்காரருக்கு எத்தகைய தண்டனை என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். இரண்டாவது சோதனையைத் தவிர்த்துவிடலாமே என்று நாங்கள் கேட்டதும் அதனால்தான். ஊசி போட்ட நம்பிக்கையாலேயே முதல் முறை வலி குறைந்ததுபோலத் தோன்றுவது கணிசமான பேருக்கு நடப்பதால், இரண்டு முறையும் ஒரே பதில் வந்தால்தான் அடுத்த படிக்குப் போவேன் என்று மருத்துவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பின் நியாயம் பின்னால் படித்தபோது எனக்கு இன்னும் தெளிவாயிற்று. நெதர்லாந்தில் 681 பேரைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியான மூன்று ஆய்வுகளில், உடற்பயிற்சியோடு இந்த நரம்புச் சூடு சிகிச்சையைச் சேர்த்துச் செய்தவர்களுக்கும், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஒரே சோதனையை வைத்து, பாதியளவு நிவாரணம் கிடைத்தாலே போதும் என்று நோயாளிகளைத் தேர்ந்ததுதான் அதற்குக் காரணம் என்று வலி மருத்துவர்கள் பலர் விமர்சித்தார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் யாருக்குச் செய்வது என்பதைச் சரியாகத் தேராமல் இந்தச் சிகிச்சையைச் செய்வதில் பொருளில்லை என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சிகிச்சை நாளன்று முழு மயக்கம் கொடுக்கவில்லை. தோலை மட்டும் மரக்கச் செய்து, நுனி தவிர மற்ற இடமெல்லாம் உறையிட்ட ஊசியைத் திரையில் பார்த்து நரம்பருகே நிறுத்தினார்கள். முதலில் மெல்லிய மின்னதிர்வு கொடுத்து, வழக்கமான வலியின் இடத்திலேயே உணர்ச்சி தோன்றுகிறதா என்றும், காலில் துடிப்பு ஏதும் இல்லையா என்றும் அம்மாவிடமே கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். காலை இயக்கும் நரம்பு பக்கத்தில் இல்லை என்பதை அறியவே அந்தக் கேள்வி; நோயாளி விழித்திருக்க வேண்டியதும் அதற்காகத்தான். பிறகு ரேடியோ அலையால் ஊசி நுனியை 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, ஒவ்வொரு இடத்திலும் ஒன்றரை நிமிடம் வைத்திருந்தார்கள். அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

முதல் இரண்டு வாரங்கள் முன்பைவிட அதிக எரிச்சலும் வலியும் இருந்தன. இப்படி இருக்கும் என்று முன்பே சொல்லாமல் இருந்திருந்தால், சிகிச்சை கெடுத்துவிட்டது என்றே முடிவு செய்திருப்போம். அதன்பிறகு படிப்படியாகக் குறைந்து, அம்மா சமையற்கட்டில் நின்றே வேலை செய்யத் தொடங்கினார். சூடாக்கப்பட்ட நரம்பு மெல்ல மீண்டும் வளரும். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, சிலருக்கு அதற்கும் மேலாக நிவாரணம் நிற்கும். திரும்ப வந்தால் மறுபடியும் செய்துகொள்ளலாம். மூட்டின் தேய்மானத்தை இது மாற்றுவதில்லை. வலி இல்லாத அந்த மாதங்களில் வயிறு, இடுப்புத் தசைகளை வலுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே சிகிச்சையின் உண்மையான நோக்கம் என்று இயன்முறை மருத்துவர் சொன்னார். எங்கள் ஊரில் சமதரையைக் கண்டுபிடிப்பதே பாடு என்பதால், பள்ளி விளையாட்டுத் திடலில்தான் அம்மாவின் நடைப்பயிற்சி தொடங்கியது. இப்போது அவர் மேட்டுத் தெருவில் உள்ள தங்கை வீட்டுக்குத் தனியாகவே ஏறிப் போகிறார்.

குன்னூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

இடுப்புக்கு மட்டுமல்ல, முகத்துக்கும் இத்தகைய சிகிச்சை உண்டு என்பதால் என் கணவரின் அனுபவத்தை எழுதுகிறேன். வலக் கன்னத்தில் மின்சாரம் பாய்வதுபோன்ற வலி, ஒரு சில நொடிகள்தான், ஆனால் நாள் முழுவதும் விட்டுவிட்டு வரும். பல் துலக்கினால் வரும், சவரம் செய்தால் வரும், பேருந்தின் சன்னல் வழியாகக் குளிர்காற்று பட்டால் வரும். பல் வலி என்று எண்ணிக் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியும் தீரவில்லை. முகத்தின் உணர்ச்சியை எடுத்துச் செல்லும் முக்கிளை நரம்பின் வலி என்று நரம்பியல் மருத்துவர் கண்டறிந்து கார்பமசிபைன் மாத்திரை கொடுத்தபின் சில ஆண்டுகள் நன்றாக இருந்தார். அளவைக் கூட்டக் கூட்டத் தலைசுற்றலும், இரத்தத்தில் சோடியம் குறைவதும் தொடங்கின. நரம்பை அழுத்தும் இரத்தக் குழாயை விலக்கி வைக்கும் அறுவை சிகிச்சைக்கு அவருடைய இதயம் தாங்காது என்றார்கள்.

ஆகவே கன்னத்தின் வழியாக ஊசியைச் செலுத்தி, மண்டையோட்டின் அடியில் உள்ள ஒரு துளை வழியே நரம்பு முடிச்சை அடைந்து சூடாக்கினார்கள். சிறிது மயக்கம் கொடுத்து, நடுவில் எழுப்பி, எந்த இடத்தில் கூச்சம் தெரிகிறது என்று கேட்டுவிட்டு மறுபடியும் மயக்கினார்கள். அந்த வலி அன்றோடு நின்றது. அதற்கு ஈடாகக் கன்னத்தில் ஒரு பகுதி மரத்திருக்கிறது, மெல்லும்போது சில மாதங்கள் தாடையில் வலுக் குறைவாக இருந்தது, சூடான டீயை இடப்பக்கமாகவே குடிக்கிறார். கண்ணின் கருவிழியும் மரத்துப்போகும் வாய்ப்பு இருப்பதால் தூசு விழுந்தால் தெரியாமல் புண்ணாகலாம் என்று எச்சரித்தார்கள். அவருக்கு அது நேரவில்லை. சில ஆண்டுகளில் வலி திரும்பலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். இந்த மரத்த உணர்வோடு வாழ முடியுமா என்ற கேள்விக்குக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிய பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

கூடலூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

எல்லோருக்கும் இது பலிப்பதில்லை என்பதும் இங்கே பதிவாக வேண்டும். என் தந்தைக்குத் தண்டுவடக் கால்வாய் குறுகியதால், கொஞ்ச தூரம் நடந்தாலே இரண்டு கால்களும் கனத்து உட்கார்ந்துவிடுவார். நாடுகாணி வழியாக இறங்கிக் கோழிக்கோட்டில் காட்டினோம். தண்டுவட உறையைச் சுற்றி ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சில வாரங்கள் தேவலையாக இருந்தது, பிறகு பழைய நிலைதான். அந்த நாட்களில் அவருடைய சர்க்கரை அளவு வெகுவாக ஏறிவிட்டது. இத்தகைய குறுக்கம் உள்ள 400 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆறு வாரங்களுக்குப் பிறகு, ஸ்டீராய்டு சேர்த்த ஊசிக்கும் மரப்பு மருந்து மட்டும் கொண்ட ஊசிக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டிருக்கிறார்கள். வட்டு அழுத்தி ஒரு காலில் இறங்கும் புதிய வலிக்கு அந்த ஊசி உதவுவதுபோல, எலும்புக் கால்வாயே குறுகிய இடத்துக்கு உதவாது என்று அறுவை மருத்துவரும் சொன்னார். கடைசியில் அறுவை சிகிச்சைதான் அவரை நடக்க வைத்தது. பாதம் தூக்க முடியாமல் போவது, சிறுநீர் அடைப்பது அல்லது கட்டுப்பாடின்றிப் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது ஆகிய அறிகுறிகள் இருந்தால் ஊசியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கோத்தகிரி உறுப்பினர் மீண்டும்:

கூடலூர் நண்பர் எழுதியதை முழு மனதோடு ஏற்கிறேன். முன்னேற்பாடு பற்றி ஓரிருவர் கேட்டிருந்தார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது; இதய மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் நாளில்தான் நிறுத்த வேண்டும். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைத்திருந்தால் மருத்துவரை முதன்முதலில் பார்க்கும்போதே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் சூடாக்கும் கருவியின் மின்னலைகள் அதைக் குழப்பக்கூடும். காய்ச்சலோ ஊசி போடும் இடத்தில் புண்ணோ இருந்தால் தள்ளிப்போட வேண்டும். ஊசிக்குப் பிறகு சில மணி நேரம் கால் மரத்திருக்கலாம் என்பதால், அன்றே மலையேறாமல் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ ஓர் இரவு தங்கிவிடுவது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம். சோதனைகளுக்கும் சிகிச்சைக்கும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு என்பதைத் தொடக்கத்திலேயே கேளுங்கள். எந்த மட்டத்தில், எந்தப் பக்கத்தில், எந்த மருந்தைச் செலுத்தியபோது எவ்வளவு நேரம் நிவாரணம் இருந்தது என்பதை எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். நரம்பு வளர்ந்து வலி திரும்பும்போது வேறொரு மருத்துவரிடம் போக நேர்ந்தால், அந்தத் தாள் இருப்பவரைச் சோதனைகளுக்காக மறுபடியும் மலையிறங்கச் சொல்லும் அவசியம் பெரும்பாலும் இருக்காது.