கலைச்சொல் வேணும்: காய்கறி ஒட்டுல கீழ்ச்செடிக்கும் மேல்செடிக்கும் என்ன பேரு?

எல்லாருக்கும் வணக்கம்.

கத்தரி, தக்காளி நாத்தை வேற ஒரு செடியோட வேர் மேல ஒட்டி வளர்க்கிறதப் பத்தி ஒரு கையேடு எழுதிட்டிருக்கேன், ரெண்டாவது பக்கத்துலயே நின்னுட்டேன். ரூட்ஸ்டாக் (வேரோட கீழ நிக்கிற செடி), சயான் (அது மேல ஒட்டுற செடி) ரெண்டுக்கும் மனசுக்கு ஒப்புற சொல் கிடைக்கல. அதவிடப் பெரிய சிக்கல் கிராஃப்டிங்குக்கே, அதாவது இப்படி ஒட்டுற வேலைக்கே இருக்கு. 'ஒட்டுக் கத்தரி'ன்னு எழுதிக் காட்டினா படிக்கிறவங்க அத ஹைப்ரிட்னு எடுத்துக்கிறாங்க, அவங்க மேல தப்பே இல்ல, 'வீரிய ஒட்டு ரகம்'னு ஹைப்ரிடுக்குத்தானே இத்தன வருஷமா எழுதிட்டு வர்றோம். 'ஒட்டு மாங்கன்னு'ன்னா யாரும் குழம்புறதில்ல, கத்தரிக்கு வந்ததும் அதே சொல் வேற பக்கம் இழுத்துட்டுப் போயிடுது.

இது வெறும் சொல் தகராறு இல்லங்க. ஹைப்ரிட்ல மகரந்தம் சேர்ந்து ரெண்டு பெற்றோரோட குணமும் விதைக்குள்ளயே வந்துடும். கிராஃப்டிங்ல அப்படி எதுவும் கலக்காது, கீழ வேருக்கு வச்ச சுண்டை சுண்டையாவே நிக்கும், மேல கத்தரி கத்தரியாவே காய்க்கும், விதையும் சாதாரணக் கத்தரி விதைதான். வாடல் நோயையும் வேரைத் தாக்குற நூற்புழுவையும் தாங்குறது அந்த சுண்டை வேரு. குழப்பமான சொல்ல நம்பி ஒருத்தர் அந்தக் காய்லேர்ந்து விதை எடுத்து, இதுவும் வாடாதுன்னு விதைச்சார்னா அவரோட ஒரு பருவமே போயிடும்.

என் யோசனை: ரூட்ஸ்டாக் = அடிநாற்று, சயான் = நுனிநாற்று, கிராஃப்டிங் = நாற்றொட்டு. உங்க கருத்தச் சொல்லுங்க.

-----

> ரூட்ஸ்டாக் = அடிநாற்று

வேர்ச்செடின்னு ஏற்கனவே புழங்குற சொல் இருக்கே தம்பி, எதுக்குப் புதுசு? இலங்கையில ஒட்டுக்கட்டை, ஒட்டுமுளைன்னு அழகா வச்சிருக்காங்க, அதையாவது எடுத்துக்கலாமே.

> கிராஃப்டிங் = நாற்றொட்டு

எழுத்துல சரியாத்தான் இருக்கு. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, 'நாத்தொட்டு'ன்னு வரும், நாத்தைத் தொட்டுன்னுதான் காதுல விழும். 'கட்டு நாற்று'ன்னு வச்சா என்ன?

-----

ஐயா, வணக்கம்.

நாத்தொட்டு விஷயத்துல நீங்க சொன்னது முழுக்க சரி, நான் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவே இல்ல. அத எடுத்துடறேன். ஆனா கட்டு நாற்றுன்னா நடவுக்குப் பறிச்சு வைக்கிற நாத்துக்கட்டுதான் ஞாபகம் வரும், அதுவும் வேண்டாம்.

ஒட்டுக்கட்டை மாமரத்துக்கு நல்லாவே பொருந்துது, விரல் தடிமன்ல முத்தின தண்டு அது. இங்க நாம கையில பிடிக்கிறது ரெண்டு மூணு மில்லிமீட்டர் பச்சைத் தண்டு, கட்டைன்னு கூப்பிட மனசு வரல. வேர்ச்செடியில எனக்கு இருக்கிற பயம் வேற. வேர்னு பேர்லயே இருந்தா மண்ணுக்குள்ள போகவேண்டிய பாகம்னு தோணிடும், ஆனா ஒட்டுன இடம் மண்ணுக்கு மேலதான் நிக்கணும், மண்ணை அணைச்சு மூடிட்டா மேல இருக்கிற கத்தரி தன் தண்டுலேர்ந்தே வேர் விட்டுடும், அந்த வேர் வழியா வாடல் ஏறிடும், அப்புறம் சுண்டைய வச்சு ஒட்டினதுக்கு அர்த்தமே இல்ல. பூசணி மேல தர்பூசணிய ஒட்டும்போது இன்னும் ஒரு படி மேல, கீழ்ச்செடியோட ஒரு விதையிலையையும் (முளைக்கும்போது முதல்ல வர்ற இலை) விட்டுத்தான் வெட்டுவாங்க (ஜப்பான்ல 1920கள்ல ஆரம்பிச்ச ஒட்டு இது, மண்ணுல இருந்த பியூசேரியம்ங்கிற பூஞ்சையால வர்ற வாடலுக்காக). இலையோட நிக்கிறத வேர்ச்செடின்னு எப்படிச் சொல்றது? அடின்னா வேரும் வரும், தண்டும் வரும், அடிமரம்னு சொல்றோமே அந்த மாதிரி. அதுக்கு ஜோடியா நுனி தானா வந்து உக்காந்துக்குது.

அப்ப கிராஃப்டிங்குக்கு? நீங்க சொன்ன 'கட்டு'லேர்ந்துதான் எனக்கு வழி கிடைச்சுது. பேச்சுல 'ஒட்டுக் கட்டின செடி'ன்னு சொல்றோம், ஹைப்ரிட யாரும் எங்கயும் 'கட்டின' ரகம்னு சொல்றதில்ல. புதுச் சொல்லே வேண்டாம், வினைய விடாம எழுதினாப் போதும்: ஒட்டுக்கட்டிய கத்தரி, ஒட்டுக்கட்டிய நாற்று. நீளம்தான், ஆனா இதுல எந்தக் குழப்பமும் வராது.

கையேட்டுல போட்டுப் பார்த்தேன், இப்படி வருது:

"சுண்டை மெதுவாகத்தான் முளைக்கும், அதனால் அடிநாற்றை முதலில் விதையுங்கள். தண்டின் பருமன் ஒத்து வரும்போது இரண்டையும் 45 டிகிரி சாய்வாக வெட்டி, அடிநாற்றின் மேல் நுனிநாற்றை வைத்துக் கிளிப் போடுங்கள். அடிநாற்றில் புதிய துளிர் வந்தால் கிள்ளிவிடுங்கள்."

சரளமாப் போகுதா? எனக்கு ஒரு இடத்துலதான் இடிக்குது. வெள்ளரிக்குச் சில சமயம் ரெண்டு நாத்தையும் வேரோடவே பக்கத்துல வச்சு, தண்டுல நாக்கு மாதிரி கீறி ஒண்ணுக்குள்ள ஒண்ணச் செருகுவாங்க, ஒட்டு கூடின பிறகுதான் மேல்செடியோட வேரை வெட்டி விடறது. அதுவரைக்கும் வேரோட நிக்கிற அதை நுனிநாற்றுன்னு சொல்லலாமா?

அப்புறம் ஹீலிங் சேம்பர். ஒட்டுக்கட்டினதும் ஒரு வாரம் போல ஈரப்பதம் குறையாம, வெளிச்சம் ரொம்பப் படாம வைக்கிற கூடாரம். ஒட்டு 'கூடுச்சு'ன்னு சொல்றதால 'கூடல் கூடாரம்'னு எழுதி வச்சிருக்கேன், ரெண்டு 'கூட' அடுத்தடுத்து வர்றது உறுத்துது. வேற தோணினா சொல்லுங்க ஐயா.