கலைச்சொல் வேண்டும்: பனாமா கால்வாயின் 'லாக்'

அன்பின் குழுவினருக்கு,
பனாமா கால்வாய் குறித்த ஆவணப்படத்துக்குத் தமிழ்த் துணையுரை வெள்ளிக்குள் போகவேண்டும். முதல்வரைவில் 'நீர்ப்பூட்டு' என்றிருக்கிறது. படிப்பவர் சாவியைத் தேடுவார். பொருள் இதுதான்: கப்பல் நுழைந்ததும் முன்னும் பின்னும் கதவடைத்து, நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுசெல்லும் கான்கிரீட் அறை. ஒரு வரியில் அடங்கும் சொல் தேவை.
— செ.

> மதகு இருக்கப் புதுச்சொல் எதற்கு?

மதகு நீரைத் திறந்துவிடுவது. இங்கே கப்பல் நுழையும் கதவு வழியாக நீர் விடுவதில்லை. கால்வாய்ப் பாதையிலுள்ள காட்டூன் ஏரி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 26 மீட்டர் மேலே இருக்கிறது. அந்த ஏரிநீர் சுவருக்குள் செல்லும் 5.5 மீட்டர் விட்டமுள்ள குழாய்களில் இறங்கி, அறையின் தரைத்துளைகள் வழியே பொங்கும். பம்பு கிடையாது. 305 மீட்டர் நீள அறை சுமார் எட்டு நிமிடத்தில் நிறைந்துவிடும். கதவின் இரு இலைகளும் மேல்மட்ட நீரை நோக்கி ஆப்புபோலச் சேர்வதால் நீரழுத்தமே அவற்றை இறுக்கும். இருபுறமும் மட்டம் சமமாகாமல் திறக்காது. எனவே மதகு என்பதைக் குழாயின் வால்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குக் கொடுத்தால் அடுத்த காட்சியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.
— இரா.

'கலமடை' என்க. மடுத்தல் என்றால் உட்கொள்ளல். மடு, மடை எல்லாம் ஒரே வேர். கலத்தை, அதாவது கப்பலை, உட்கொள்வது கலமடை. கால்வாய் என்பதையும் பார்க்கவேண்டும். வாய்க்கால் இலக்கணப்போலி என்பது தெரிந்ததே. ஆனால் 'குளந்தொட்டு வளம்பெருக்கி' என்னும் பட்டினப்பாலை வழக்கை ஒட்டி, வெட்டிய கால்வாயைத் 'தொடுகால்' என்பதே முறை. தொடுதல் என்றால் தோண்டல்.
— புலவர்

ஐயா, கலம் என்றால் பாத்திரம், மடை என்றால் மடைப்பள்ளி. பனாமாவில் பொங்கல் வைப்பதாக நினைப்பார்கள். 'கப்பல் தொட்டி' போதாதா? பள்ளிப்பிள்ளைக்கும் புரியும்.
— நி.

தொட்டி வேண்டாம். 2016-இல் திறந்த புதிய அறைகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் நீர்சேமிப்புத் தொட்டி மூன்று உண்டு. அவை 60 விழுக்காடு நீரை மறுபடி பயன்படுத்த உதவுகின்றன. படத்தின் பிற்பாதி முழுக்க அதுதானே? பழைய அறைகள் வழியே ஒரு கப்பல் கடந்தால் சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. பனாமா நகரின் குடிநீரில் ஒரு பகுதியும் இதே ஏரியிலிருந்து. 2023 வறட்சியில் நாள்தோறும் கடக்கும் கப்பல்களைக் குறைத்தது இதனால்தான்.

மடை என்றால் இன்னொரு வசதி. சூயஸ் கால்வாயை வெட்டிய பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸ், 1881-இல் பனாமாவிலும் அதைப் போலப் படியில்லாமல் வெட்டத் தொடங்கினார். மலைச்சரிவும் மஞ்சள்காய்ச்சலும் சேர்ந்து 1889-இல் நிறுவனம் திவாலானது. அவர் விரும்பியது மட்டக்கால்வாய், 1914-இல் திறந்தது மடைக்கால்வாய்.
— இரா.

மட்டக்கால்வாயா? மட்டமான கால்வாய் என்று சூயஸ்காரன் சண்டைக்கு வருவான்!
— நி.

'கடல்மட்டக் கால்வாய்' என்று முழுதாகப் போடுகிறேன். அறைக்குக் கலமடை, முதலில் வரும் இடத்தில் மட்டும் 'லாக் எனும் கலமடை'. தொடுகாலுக்கு வரியில் இடமில்லை, மன்னிக்க.
— செ.

இடமில்லை என்பது வாதமாகாது. மேலும் 'வால்வு' எப்படி உள்ளே வந்தது? 'ஓரதர்' இருக்கிறதே.
— புலவர்

வால்வு வால்வாகவே இருக்கட்டும். கோப்பை அனுப்பிவிட்டேன்.
— செ.