பாடப்புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு மனநோயும் எனக்கு இருப்பதாகத் தோன்றுவது ஏன்?

கேட்டவர்: முதலாண்டு மாணவி

வணக்கம். தொலைநிலைக் கல்வியில் உளவியல் இளங்கலை முதலாண்டு படித்துவருகிறேன். மனம் தன்னையறியாமல் ஒரு பக்கம் சாய்ந்து முடிவெடுக்கும் சிந்தனைச் சாய்வுகளைப் பற்றிய பாடத்தைச் சிரமமின்றிக் கடந்துவிட்டேன். மனநோய்களைப் பற்றிய பாடத்தில்தான் சிக்கிக்கொண்டேன். எனக்குப் பொருந்தும் அறிகுறியின் அருகே பென்சிலால் ஒரு சிறு குறி இடும் பழக்கம் எப்படியோ வந்துவிட, நாற்பது பக்கங்களுக்குள் இருபத்து மூன்று குறிகள் சேர்ந்துவிட்டன. படுக்கப் போகுமுன் கேஸ் ரெகுலேட்டரை இரண்டு முறை தொட்டுப் பார்ப்பேன். அது எண்ணச் சுழற்சி நோயின் (ஓசிடி) கீழ் இருந்தது. நான்கு பேர் முன்னால் பேச எழுந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அது சமூகப் பதற்றக் கோளாறு. ஒரு வாரம் உற்சாகம், மறுவாரம் எதிலும் மனம் செல்லாமை. அது இருமுனையக் கோளாறு. புத்தகத்தை எட்டிப் பார்த்த அம்மா, "நீ பாடம் படிக்கிறாயா, ராசிபலன் பார்க்கிறாயா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இயல்பான மனத்துக்கும் நோயுற்ற மனத்துக்கும் இடையிலான கோடு எங்கே இருக்கிறது? முந்தைய பாடத்தில் படித்த சாய்வுகள்தாம் இப்போது என்னிடமே வேலை செய்கின்றனவா?

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியர்

தங்கள் தாயார் விளையாட்டாகக் கேட்டது, உளவியலின் புகழ்பெற்ற வகுப்பறைச் சோதனை ஒன்றின் சாரமே ஆகும். பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர், தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு ஒன்றை நடத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதியது போன்ற மதிப்பீட்டைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் அனைவர் கையிலும் இருந்தது ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்களை அவர் கடையில் விற்கும் சோதிட நூல் ஒன்றிலிருந்து தொகுத்திருந்தார். 1949இல் அவர் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். "சில நேரம் கலகலப்பாகவும் சில நேரம் ஒதுங்கியும் இருப்பீர்கள்" என்றால் யாருக்குத்தான் பொருந்தாது? அறிகுறிப் பட்டியலிலிருந்து ஒரு வரியை மட்டும் உருவி எடுத்தால் அதுவும் அத்தகைய வாக்கியமாகிவிடுகிறது.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பீட்டர் வேசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1960இல், 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, அவற்றின் பின்னுள்ள விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். பங்கேற்பவர்கள் தாமே எண்களைச் சொல்லிச் சோதித்துப் பார்க்கலாம். பெரும்பாலோர் 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் தம் ஊகத்துக்கு ஒத்துவருபவற்றையே கேட்டார்கள். விதியோ, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. தவறான விடை எதுவும் சொல்லாமல் விதியைக் கண்டவர்கள் 29 பேரில் 6 பேர். தம் ஊகத்தை உடைக்கக்கூடிய 1, 2, 3ஐச் சோதிக்க மனம் எளிதில் முன்வருவதில்லை. தாங்களும் பொருந்தும் இடத்தில் குறியிட்டீர்கள்; பொருந்தாத வரிகளை எண்ணினீர்களா?

பதில் 2: மனநலச் செவிலியர்

ஆசிரியர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் "எல்லாம் மனப்பிரமை" என்று அந்த மாணவி புத்தகத்தை மூடிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கோடு எங்கே என்ற கேள்விக்கு நடைமுறையில் விடை இருக்கிறது. அறிகுறி இருக்கிறதா என்பதோடு நாங்கள் நிறுத்துவதில்லை. எவ்வளவு காலமாக, ஒரு நாளில் எவ்வளவு நேரம், அதனால் எந்த வேலை நின்றுபோனது, எவ்வளவு வேதனை என்று கேட்போம். மனநோய்களை வரையறுக்கும், அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, தீவிர மனச்சோர்வு என்று சொல்ல ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரங்களுக்கு, ஏறத்தாழ எல்லா நாளும் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று, தாழ்ந்த மனநிலையாகவோ எதிலும் நாட்டமின்மையாகவோ இருந்தே ஆக வேண்டும். எண்ணச் சுழற்சி நோயில், எண்ணங்களும் செயல்களும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்க வேண்டும், அல்லது வாழ்க்கையைக் குறிப்பிடத்தக்க அளவில் குலைக்க வேண்டும். ரெகுலேட்டரை இரண்டு முறை தொடுவதற்குப் பத்து விநாடி ஆகுமா? அதே ரெகுலேட்டருக்காகப் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆறு முறை வீடு திரும்பி, வேலையை இழந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். இருவர் செய்வதும் பார்வைக்கு ஒன்றுதான்.

ஒன்று செய்யுங்கள், தங்கச்சி. ஒவ்வொரு குறிக்கும் அருகில் "எப்போதிலிருந்து, நாளுக்கு எவ்வளவு நேரம், எது நின்றுபோனது" என்ற மூன்றையும் எழுதிப் பாருங்கள். எதிர்த்திசைப் பிழையும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்: உண்மையாகவே நோயுற்ற பலர், "இது எல்லோருக்கும் இருப்பதுதானே" என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். எங்கள் பிரிவுக்கு அதிகம் வருவது அவர்கள்தாம்.

பதில் 3: வைகைக்கரை வாசகன்

மாணவி தன்னைத் தானே தவறாகக் கணிப்பது இருக்கட்டும். மருத்துவர்களும் இதே சாய்வுக்கு ஆளாவதில்லையா? அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரோசன்ஹான் 1973இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையின்படி, அவரையும் சேர்த்து நோயற்ற எட்டுப் பேர், "வெறுமை" போன்ற சொற்களைக் கூறும் குரல்கள் கேட்பதாகச் சொல்லி, அமெரிக்காவில் 12 மனநல மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். ஒரு சேர்க்கையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் மனச்சிதைவு என்றே முடிவு எழுதப்பட்டது. உள்ளே நுழைந்ததும் இயல்பாக நடந்துகொண்டும், சராசரியாக 19 நாள் வைக்கப்பட்டார்கள். அவர்கள் குறிப்பெடுத்ததைக்கூட, "எழுதும் நடத்தையில் ஈடுபடுகிறார்" என்று அறிகுறி போலப் பதிவு செய்தார்கள். இவர்கள் நோயாளிகள்தாமா என்று ஐயுற்றவர்கள் உடனிருந்த நோயாளிகள்தாம். ஒரு முத்திரை விழுந்தபின் எல்லாச் செயலும் அதற்குச் சான்றாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

பதில் 4: மனநலச் செவிலியர்

வேண்டும், தம்பி. இந்த ஆய்வைப் பாடநூல்கள் இன்றும் கதை போலச் சொல்வது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. குரல் கேட்கிறது என்று ஒருவர் பொய் சொன்னால், அதை நம்புவது மருத்துவரின் மடமை ஆகாது. இரத்தத்தைக் குடித்துவிட்டு வந்து அவசரப் பிரிவில் வாந்தியெடுப்பவருக்கு வயிற்றுப்புண் என்று முடிவு செய்தால், அதனால் மருத்துவம் பொய்யாகிவிடுமா என்று மனநல ஆய்வாளர் சீமோர் கெட்டி அப்போதே கேட்டார். உளமருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர் இன்னொன்றைச் சுட்டினார்: நோயாளிகளாக நடித்தவர்கள் "அறிகுறிகள் தணிந்த நிலையில்" என்ற குறிப்புடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், உண்மையான நோயாளிகளுக்கு அரிதாகவே எழுதப்படும் அக்குறிப்பு, மருத்துவர்கள் அவர்களது இயல்பான நடத்தையைக் கண்டுகொண்டதையே காட்டுகிறது. மேலும், பத்திரிகையாளர் சூசன்னா கஹாலன் 2019இல் வெளியிட்ட நூலில், ரோசன்ஹானின் மருத்துவப் பதிவுகளைத் தேடிப் பிடித்து, கட்டுரையில் சொன்னதைவிடக் கடுமையான அறிகுறிகளை அவர் மருத்துவரிடம் கூறியிருந்ததைக் காட்டியிருக்கிறார். தற்கொலை எண்ணமும் அவற்றுள் ஒன்று. தம் முடிவுக்கு ஒத்துவராததைக் கட்டுரையில் விட்டுவிட்டார் என்றால், சாய்வுக்கு எடுத்துக்காட்டு மருத்துவமனையா, ஆய்வாளரா?

அந்தச் சலசலப்பால் ஒரு நன்மை விளைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஸ்பிட்சரின் தலைமையில் 1980இல் வந்த டிஎஸ்எம்-3 கையேடு, மருத்துவரின் உள்ளுணர்வை நம்பாமல், கால அளவையும் அறிகுறி எண்ணிக்கையையும் வெளிப்படையாக எழுதிவைத்தது. மேலே நான் சொன்ன "இரண்டு வாரம், ஐந்து அறிகுறி" அந்த வழியில் வந்ததே.

கேட்டவர்: முதலாண்டு மாணவி

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு செவிலியர் அக்கா சொன்னபடி எழுதிப் பார்த்தேன். இருபத்து மூன்று குறிகளில் பதினெட்டுக்கு "எது நின்றுபோனது" என்ற இடத்தில் எதுவும் எழுத முடியவில்லை. ரெகுலேட்டருக்கு எட்டு விநாடி ஆகிறது. மேடைப் பேச்சு தொடர்பான நான்குக்கும் ஒரே விடை: கருத்தரங்கு ஒன்றில் பேசாமல் நழுவிவிட்டேன், ஒரே ஒரு முறை. எஞ்சியது தூக்கம். ஐந்து வாரங்களாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பகலில் வகுப்புக் காணொளிகளைப் பார்க்க முடியாமல் போகிறது. குறியிட்டபோது அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் சிறியதாகத் தெரிந்தது. இதற்கு நேராக மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டுமா?

பதில் 5: மனநலச் செவிலியர்

முதலில் உங்கள் பகுதியின் பொது மருத்துவரிடமே போகலாம். தைராய்டு, இரத்தசோகை போன்றவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இடையில் பேச வேண்டும் என்று தோன்றினால், அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். அந்தப் பக்கத்தில் எழுதியதை அப்படியே எடுத்துச் செல்லுங்கள், நோயின் பெயரை மட்டும் மறைத்துவிட்டுக் காட்டுங்கள்.